ஊரைச் சொல்லுங்கள், மணியைக் கணினி சொல்லும்

தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் பேசப்பட்ட ஒரு செய்தியை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். "வீட்டுக் கணினியை நாம் சரியாகத்தான் பயன்படுத்துகிறோமா?" என்பதுதான் அன்றைய தலைப்பு. விருந்தினராக ஒரு கணினிப் பொறியாளர் வந்திருந்தார். நச்சுநிரல், கடவுச்சொல் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது ஈப்போவிலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, என் தங்கைக்கு இரண்டு ஜாதகம் இருக்கிறது. எது சரி என்று அந்தப் பொறியாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

அரங்கில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவருடைய தங்கை 1980ஆம் ஆண்டு வைகாசி மாதத் தொடக்கத்தில் ஈப்போவில் பிறந்தவர். பிறப்புப் பத்திரத்தில் காலை மணி 6.40 என்று இருக்கிறது. அன்றே ஒரு ஜோதிடர் கையால் ஜாதகம் எழுதிக் கொடுத்தார். ரிஷப லக்கினம். வயதான பெற்றோரைக் கவனித்துக்கொண்டதில் தங்கையின் திருமணம் தள்ளிப் போனது. நாற்பதைக் கடந்த பிறகு இப்போது ஒரு நல்ல இடம் அமைந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அதே தேதியையும் அதே நேரத்தையும் கணினியில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மேஷ லக்கினம் என்று வந்திருக்கிறது.

"பொருத்தத்துக்காக நேரத்தை மாற்றி எழுதிவிட்டோம் என்று நினைக்கிறார்கள், தம்பி. எங்கள் அப்பா ஒரு பொய் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை."

அரங்கம் அமைதியானது. பொறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, தங்கை பிறந்தது 1982க்கு முன்பு அல்லவா? அப்படியானால் தவறு உங்கள் வீட்டில் இல்லை. கணினியிடம் கேட்ட விதத்தில் இருக்கிறது."

அவர் அப்படிச் சொன்னதற்கு என்ன காரணம்? நான் கணினி வல்லுநன் அல்லன். மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து அறிவிப்பாளனாக வந்தவன். அவரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு படித்துச் சரிபார்த்ததையும், என் தொழிலில் பட்டுத் தெளிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கணினி எப்படி மணி பார்க்கிறது?

சுவர்க் கடிகாரத்துக்கு முட்கள் நிற்கும் இடம்தான் நேரம். கணினி அப்படி மணி பார்ப்பதில்லை. அதற்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஒரு நீண்ட எண்ணிக்கை. 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடிகள் கழிந்தன என்பதைப் பல கணினிகள் எண்ணிக்கொண்டே இருக்கின்றன. அந்த நள்ளிரவும் நம் ஊர் நள்ளிரவு அல்ல, உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு. யூடிசி என்று சொல்கிறார்களே, அதுதான் அது. இந்த எண்ணிக்கை கோலாலம்பூரிலும் ஒன்றுதான், சென்னையிலும் ஒன்றுதான், லண்டனிலும் ஒன்றுதான்.

இரண்டாவது, ஒரு விதி. "இந்த ஊரில் அந்த எண்ணிக்கையோடு எவ்வளவு கூட்ட வேண்டும்?" என்பதே அந்த விதி. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் எட்டு மணி நேரம் கூட்ட வேண்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஐந்தரை மணி நேரம். நேப்பாளத்துக்கு ஐந்தே முக்கால். தாய்லாந்துக்கு ஏழு. கணினி எண்ணிக்கையை எடுத்து, விதிப்படி கூட்டி, நமக்குத் திரையில் மணியாகக் காட்டுகிறது.

வங்கிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பணம் ஒன்றுதான். ரிங்கிட்டில் பார்த்தால் ஒரு தொகை, சிங்கப்பூர் வெள்ளியில் பார்த்தால் இன்னொரு தொகை. சிங்கப்பூர் வெள்ளியில் பார்த்துவிட்டு "பணம் குறைந்துவிட்டதே" என்று மேலும் பணம் கொண்டுபோய்ப் போடுவோமா? ஆனால் கணினியில் நாம் அதைத்தான் செய்கிறோம். விதி தவறாக இருக்கும்போது, விதியைத் தொடாமல் மணியைத் திருத்துகிறோம்.

பொறியாளர் அன்று சொன்ன ஒரு வாக்கியத்தை நான் குறித்து வைத்துக்கொண்டேன். "கணினியிடம் எண்ணைச் சொல்லாதீர்கள், ஊரைச் சொல்லுங்கள்." இந்தக் கட்டுரையின் சாரம் முழுவதும் அதுதான்.

நம் மண்ணில் நகர்ந்த மணி

எட்டு மணி நேரம் என்பது இயற்கை கொடுத்த கணக்கு என்று பலர் எண்ணுகிறோம். அப்படி இல்லை. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கோலாலம்பூர் கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 101.7 பாகையில் இருக்கிறது. கணக்குப் போட்டால் 6 மணி 47 நிமிடம்தான் வருகிறது. நாம் எட்டு என்று வைத்திருப்பதால்தான் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பகல் ஒரு மணியைத் தாண்டியிருக்கிறது. பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிக்குப் புறப்படுவதும் அதனால்தான்.

இந்த எட்டுக்கு வந்து சேர்ந்த கதை சுவையானது. 1901ஆம் ஆண்டு ஜனவரியில் சிங்கப்பூரின் சொந்த நேரம் பொது நேரமாக ஏற்கப்பட்டது. அது கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம் 25 விநாடி முன்னால் இருந்தது. 1905 ஜூன் முதல் தேதி அது முழு ஏழு மணி நேரமாயிற்று. 1933ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி கடிகாரங்களை 20 நிமிடம் முன்னே நகர்த்தினார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த பெயர் என்ன தெரியுமா? பகலொளி சேமிப்பு நேரம்! ஐரோப்பியர்கள் கோடையில் மட்டும் கடைப்பிடிப்பதை இங்கே ஆண்டு முழுவதும் கடைப்பிடித்தார்கள். 1936இல் அந்த 7 மணி 20 நிமிடமே நிலையான நேரமாகிவிட்டது. 1941 செப்டம்பர் முதல் தேதி ஏழரை மணி நேரம் ஆனது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் கடிகாரமும் அவர்கள் கைக்குப் போனது. தோக்கியோவின் நேரமே இங்கும் நேரமாயிற்று, அதாவது ஒன்பது மணி நேரம். 1945 செப்டம்பரில் ஆட்சி மாறியபோது மீண்டும் ஏழரை. அதன் பிறகு 36 ஆண்டுகள் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் அந்த ஏழரையிலேயே இருந்தன. சபாவும் சரவாக்கும் எட்டில் இருந்தன. ஒரே நாட்டில் இரண்டு நேரம்.

நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும் என்று முடிவானது. 1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.30 ஆனபோது கடிகாரங்கள் நேரே 12.00க்குத் தாவின. சிங்கப்பூரும் அதே வேளையில் சேர்ந்துகொண்டது. அன்றிரவு 11.45 என்று ஒரு நேரமே தீபகற்பத்தில் இல்லை. அந்த நேரத்தில் பிறந்ததாக ஒரு பிறப்புப் பத்திரம் இருந்தால், எழுதியவர் கடிகாரத்தைத் திருப்பவில்லை என்றுதான் பொருள்.

இப்போது ஈப்போ அக்காவின் தங்கைக்கு வருவோம். அவர் பிறந்த 1980இல் இங்கே ஏழரை மணி நேரக் கணக்கு. காலை மணி 6.40 என்றால் உலகப் பொது நேரப்படி முந்தின இரவு 11.10. மாப்பிள்ளை வீட்டார் பயன்படுத்திய மென்பொருள் இன்றைய எட்டு மணி நேரத்தைக் கழித்து 10.40 என்று எடுத்துக்கொண்டது. பிறப்பையே அரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டது. ஒரு லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நிற்கும். பிறந்த நேரம் இரண்டு லக்கினங்களின் எல்லைக்கு அருகில் இருந்தால், அரை மணி நேரம் போதும் ராசியே மாறிவிட.

இதைச் சரிபார்க்க ஒரு பழைய வழியும் இருக்கிறது. வைகாசியில் சூரியன் ரிஷபத்தில் இருப்பார். சூரியன் உதிக்கும்போது எந்த ராசியில் இருக்கிறாரோ அதுவே உதய லக்கினம். பொறியாளர் அக்காவிடம் கேட்டார், "தங்கை பிறந்தபோது விடிந்துவிட்டதா, இன்னும் விடியவில்லையா?" அக்கா பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. தொலைபேசியில் அவர் குரல் எங்களுக்கும் கேட்டது. "சூரியன் வந்து சன்னலில் வெளிச்சம் அடித்ததே! அப்போதுதானே பிள்ளை அழுதது."

ஏழரைக் கணக்கில் அந்த மாதம் ஈப்போவில் சூரியன் ஏறக்குறைய ஆறரை மணிக்கு உதிக்கும். ஆக, 6.40க்கு விடிந்து பத்து நிமிடம். அம்மாவின் நினைவும் கையால் எழுதிய ஜாதகமும் ஒன்றுக்கொன்று பொருந்தின. கணினிக் கணக்கு மட்டும் குழந்தையை இருட்டில் பிறக்க வைத்துவிட்டது. ஜாதகத்தில் நம்பிக்கை வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒரு குடும்பத்தின் சொல் மீது பழி வந்தால், அந்தப் பழி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நம் கடமை.

கோடை நேரம் என்னைக் கைவிட்ட இரவு

நம் நாட்டில் 1982க்குப் பிறகு மணி நகரவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் படிக்கும் நாடுகளில், நம் உறவுகள் வாழும் நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை நகர்கிறது. கோடையில் பகல் நீளமாக இருப்பதால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்து மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்துகிறார்கள். முதன்முதலில் நாடு முழுவதற்கும் இதைக் கொண்டுவந்தது ஜெர்மனி, 1916இல், முதல் உலகப் போரின்போது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்குப் பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ சமம் என்பதால் இந்தப் பழக்கம் நமக்கு மனத்தில் பதிவதில்லை.

எனக்கும் பதியவில்லை. அதற்கு ஒரு நாள் விலை கொடுத்தேன்.

அப்போது நான் வேறொரு நிலையத்தில் இருந்தேன். ஞாயிறு இரவு நேரலை. லண்டனில் இருக்கும் ஒரு தமிழ் மருத்துவர் இணையம் வழி பேச ஒப்புக்கொண்டிருந்தார். "லண்டன் நேரம் பகல் ஒரு மணி" என்று பேசி முடித்தோம். வெளிநாட்டு அழைப்புகளுக்கென்று எங்களிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. லண்டன் மணியைக் காட்டுவதற்காக அதில் உலகப் பொது நேரத்தை வைத்திருந்தார்கள். "லண்டன் என்றால் பூச்சியம்தானே" என்ற எண்ணம். குளிர்காலம் முழுவதும் அது சரியாகவே காட்டியது.

அந்த ஞாயிறு மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு. பிரிட்டனில் கோடை நேரம் தொடங்குவது அன்றுதான். விடியற்காலை ஒரு மணி அங்கே இரண்டு மணியாகிவிட்டது. எங்கள் மடிக்கணினிக்கு அது தெரியாது. ஊரைச் சொல்லாமல் பூச்சியம் என்ற எண்ணை மட்டும் அதனிடம் சொல்லியிருந்தோம். மருத்துவர் சரியாக லண்டன் நேரம் ஒரு மணிக்கு வந்து உட்கார்ந்தார். அப்போது இங்கே இரவு மணி 8. நாங்கள் இரவு 9 மணிக்கு ஒளிவிளக்குகளைப் போட்டு அவரை அழைத்தபோது, அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். காலித் திரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் இருபது நிமிடம் பேசினேன். அந்த இருபது நிமிடம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

மறுநாள் நடந்தது அதைவிட வேடிக்கை. எங்கள் குழுவில் ஒருவர் அந்த மடிக்கணினியை எடுத்து, மணியை மட்டும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துவிட்டார். திரையில் லண்டன் மணி சரியாகத் தெரிந்தது. ஆனால் உள்ளே எண்ணிக்கை கெட்டுவிட்டது. அதில் சேமித்த கோப்புகள் எல்லாம் ஒரு மணி நேரம் கழித்துச் சேமித்ததாகப் பதிவாயின. நாட்காட்டியின் நினைவூட்டல்கள் ஒரு மணி நேரம் முன்பே ஒலித்தன. சில நாட்களில் கணினி இணையத்தோடு தன் நேரத்தைத் தானாகச் சரிபார்த்துக்கொண்டது. மணி மறுபடியும் பழையபடி ஆனது. "இந்தக் கணினிக்குப் பேய் பிடித்திருக்கிறது" என்றார் அவர். கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. பட்டியலில் லண்டன் என்ற ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் தானே மாற்றிக்கொண்டிருக்கும்.

ஒரே எண், வேறு விதி

எண் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பது ஏன் தவறு என்பதற்கு இன்னொரு சான்று பெர்த் நகரம். மேற்கு ஆஸ்திரேலியாவும் நம்மைப்போல எட்டு மணி நேரத்தில் இருக்கிறது. ஆனால் 2006 டிசம்பரில் அங்கே சோதனை முறையில் கோடை நேரத்தைத் தொடங்கினார்கள். 2009இல் மக்கள் வாக்கெடுப்பில் வேண்டாம் என்று முடிவாகும் வரை மூன்று கோடைகள் அது நடப்பில் இருந்தது. "எட்டுதானே" என்று பெர்த்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த மலேசியக் கணினி, புதிய விதியைப் பெற்றதும் கோடை மாதங்களில் ஒரு மணி நேரம் முன்னே ஓடியிருக்கும்.

ஆஸ்திரேலியாவிலேயே சிட்னியிலும் மெல்பர்னிலும் கோடை நேரம் உண்டு. பிரிஸ்பனில் இல்லை. தென்கோளம் என்பதால் அவர்களுக்குக் கோடை நேரம் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு முடிகிறது. மகள் மெல்பர்னில் படிக்கிறாள் என்றால், ஆண்டில் பாதி நாள் அவள் நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால், மறுபாதி மூன்று மணி நேரம் முன்னால். நாம் இரவு பத்து மணிக்கு அழைத்தால் அவளுக்கு நள்ளிரவா, ஒரு மணியா என்பதை மாதம்தான் சொல்லும்.

விதிகளே மாறும்போது

விதி இருந்தால் போதாது, அது புதிய விதியாகவும் இருக்க வேண்டும். அரசாங்கங்கள் விதியை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிற்காக அங்கே கோடை நேரத்தை ஆகஸ்ட் மாதக் கடைசியிலேயே தொடங்கினார்கள். அமெரிக்கா 2007 முதல் கோடை நேரத்தை நீட்டித்து, மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை என்று ஆக்கியது. அதுவரை ஏப்ரல் முதல் ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு முடிந்தது. பழைய விதியோடு இருந்த கணினிகள் சில வாரங்கள் தவறான மணி காட்டின.

2023 மார்ச்சில் லெபனானில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பும் வரும், கவலையும் வரும். கோடை நேரம் தொடங்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, நோன்பு மாதத்தை முன்னிட்டு அதைத் தள்ளிவைப்பதாக அரசு அறிவித்தது. கிறிஸ்துவத் திருச்சபையும் சில தொலைக்காட்சி நிலையங்களும் அதை ஏற்கவில்லை. ஒரே நகரத்தில் இரண்டு மணி. சிலருடைய கைத்தொலைபேசி பழைய விதிப்படி மாறியது, சிலருடையது மாறவில்லை. சில நாட்களிலேயே அரசு தன் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

உலகெங்கும் நடக்கும் இந்த மாற்றங்களை எல்லாம் யார் எழுதி வைக்கிறார்கள்? 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கக் கணினியாளர் ஒரு நேர மண்டலத் தரவுத்தளத்தைத் தொடங்கினார். பிறகு பால் எக்கர்ட் என்பவரும் தொண்டர்கள் பலரும் அதை வளர்த்தார்கள். அதில் நேரங்கள் நாட்டின் பெயரால் இல்லை, "ஏசியா/கோலாலம்பூர்", "யூரோப்/லண்டன்" என்று கண்டமும் ஊருமாக இருக்கின்றன. நாடுகளின் பெயரும் எல்லையும் மாறலாம், ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கும். அந்த ஊரில் எந்த ஆண்டு எந்த நாளில் மணி மாறியது என்ற வரலாறும் அதில் பதிவாகியிருக்கிறது. லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாம் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

இதிலும் ஜாதகம் வந்து சேர்ந்தது என்றால் நம்புவீர்களா? 2011இல் அஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க ஜோதிட மென்பொருள் நிறுவனம், பழைய நேர மாற்றங்கள் பற்றிய தங்கள் நூலின் விவரங்கள் இதில் எடுத்தாளப்பட்டிருக்கின்றன என்று சொல்லி அந்த இருவர் மீதும் வழக்குப் போட்டது. 2012இல் வழக்கைத் திரும்பப் பெற்றது. இதற்கிடையே, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் பொறுப்பில் தரவுத்தளம் பாதுகாப்பாகச் சேர்ந்தது. ஜோதிடர்களுக்கும் கணினியாளர்களுக்கும் இதில் இருக்கும் அக்கறை ஒன்றுதான். கடந்த காலத்தின் மணி சரியாக இருக்க வேண்டும்.

விண்டோஸ் மட்டும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அது இன்றைய தேவைக்கானது. 1980இல் நாம் ஏழரையில் இருந்தோம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதை மட்டும் நம்பி ஓடும் ஜாதக மென்பொருள் ஈப்போ அக்கா வீட்டில் நடந்ததைத்தான் செய்யும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

விண்டோஸ் 10 அல்லது 11 கணினி என்றால், திரையின் கீழ் வலது மூலையில் இருக்கும் மணியின் மீது சுட்டியின் வலது பொத்தானை அழுத்துங்கள். தேதியையும் நேரத்தையும் மாற்றுவதற்கான வரி வரும். அதன் வழியே போனால் "டேட் அண்ட் டைம்" பக்கம் திறக்கும். அங்கே "டைம் ஸோன்" பட்டியலில் "கோலாலம்பூர், சிங்கப்பூர்" என்றிருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். பெய்ஜிங்கும் பெர்த்தும் அதே எட்டுதான் என்று அங்கே கை வைக்காதீர்கள். பிறகு நேரத்தைத் தானாக அமைக்கும் "செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி" என்பதை இயக்கி வையுங்கள். கோடை நேரத்தைத் தானாக மாற்றும் பொத்தான் நம் மண்டலத்தில் மங்கலாகவே இருக்கும். அது பழுது அல்ல, நமக்குக் கோடை நேரம் இல்லை என்று பொருள்.

மடிக்கணினியோடு லண்டனுக்கோ சிட்னிக்கோ போகிறவர்கள் மணியைத் தொட வேண்டாம். ஊரை மட்டும் மாற்றுங்கள். கோடை நேரப் பொத்தானை இயக்கி வையுங்கள். திரும்பி வந்ததும் ஊரை மறுபடி மாற்றுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் மணியும் தெரிய வேண்டும் என்றால், விண்டோஸில் கூடுதலாக இரண்டு கடிகாரங்கள் வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. அதிலும் ஊரையே தேர்ந்தெடுங்கள்.

கணினியின் மென்பொருள் புதுப்பிப்புகளை நிறுத்தி வைக்காதீர்கள். புதிய நேர விதிகள் அவற்றோடுதான் வருகின்றன.

மணி தவறாகத் தெரிந்தால், எவ்வளவு தவறு என்று முதலில் பாருங்கள். ஓரிரு நிமிடம் பிசகினால் இணையத்தோடு சரிபார்க்கச் சொன்னால் போதும். சரியாக ஒரு மணி நேரம் பிசகினால் கோடை நேர விதியைப் பாருங்கள். சரியாகப் பல மணி நேரம் பிசகினால் ஊர் தவறு. ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்பவர்களுக்குச் சரியாக எட்டு மணி நேரம் பிசகலாம். கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிப்பதுதான் காரணம். இரண்டில் ஒன்றை மற்றதற்கு ஏற்ப அமைக்க வேண்டும். கணினியை அணைத்து எழுப்பும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போனால், உள்ளே இருக்கும் பொத்தான் மின்கலம் தீர்ந்துவிட்டது. கணினிக் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

கைத்தொலைபேசி பெரும்பாலும் தொலைபேசிக் கோபுரத்திடம் கேட்டே மணியை அமைத்துக்கொள்கிறது. பாடாங் பெசார் போன்ற எல்லைப்புறங்களில் தாய்லாந்துக் கோபுரத்தின் அலை பிடித்தால் மணி ஒரு மணி நேரம் பின்னே போகலாம். அங்கே தங்கும் இரவில் மட்டும் தானியங்கி முறையை நிறுத்தி, ஊரை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைப் பேருந்தைத் தவற விடமாட்டீர்கள்.

வெளிநாட்டாரோடு நேரம் பேசும்போது மணியை மட்டும் எழுதாதீர்கள். தேதி, ஊர், மணி மூன்றையும் எழுதுங்கள். "லண்டன் பகல் மணி 1, கோலாலம்பூர் இரவு மணி 8" என்று இரண்டு ஊரையும் எழுதிவிட்டால், எங்காவது கணக்குப் பிசகியிருந்தால் மறுமுனையில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். காலித் திரையோடு பேசிய அந்த இரவுக்குப் பிறகு நான் ஒரு நாளும் இதைத் தவறவிட்டதில்லை.

தீபகற்பத்திலோ சிங்கப்பூரிலோ 1982க்கு முன் பிறந்தவர்களுக்குக் கணினியில் ஜாதகம் கணிப்பவர்கள், ஊரைக் கொடுத்த பிறகு மென்பொருள் எந்த எண்ணை எடுத்திருக்கிறது என்று பாருங்கள். போருக்குப் பின் பிறந்தவருக்கு அது ஏழரையாக இருக்க வேண்டும். எட்டு என்று இருந்தால் கையால் திருத்துங்கள். ஊரைச் சொல்லியும் கணினிக்கு வரலாறு தெரியாமல் போகக்கூடிய இடம் இது, இங்கே நாம்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சபா, சரவாக்கில் பிறந்தவர்களுக்கு 1981இலும் எட்டுதான். தமிழ்நாட்டில் பிறந்த தாத்தா பாட்டியின் ஜாதகம் என்றால், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியாவிலும் போர்க்காலத்திற்காக மணி ஆறரைக்கு மாற்றப்பட்டிருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

நிகழ்ச்சி முடிந்து இரண்டு நாள் கழித்து அந்த அக்கா மறுபடியும் நிலையத்துக்கு அழைத்தார். மாப்பிள்ளை வீட்டாரும் நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறார்கள். அதே மென்பொருளில் எட்டு என்பதை ஏழரை என்று மாற்றிப் போட்டார்களாம். ரிஷப லக்கினம் வந்ததாம். "பொருத்தம் பார்ப்பது இனிமேல்தான், தம்பி. அது எப்படி வந்தாலும் சரி. அவர்கள் வீட்டுப் பெரியவர் எங்கள் அம்மாவிடம் பேசி வருத்தம் தெரிவித்துவிட்டார். அது போதும்."

இன்று உங்கள் கணினியைத் திறந்து, அதற்கு எந்த ஊர் சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.